ஏழு வருடம் நின்ற 911: ஒரு கே-ஜெட்ரானிக் பழுதின் முழு விவரம்

இது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், நெக்கார் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நான் வேலை செய்யும் பழைய கார் பட்டறையில் நடந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். பழைய ஜெர்மன் வேகக் கார்களின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் நம்பத் தகாதது என்ற பேச்சைப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். இந்த வண்டியும் அப்படிப்பட்ட தீர்ப்போடுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது. வேலை முடிந்தபோது நான் கண்டது வேறு. அந்த அமைப்பு தானாகக் கெட்டது கொஞ்சம்தான். நின்றே கிடந்ததில் கெட்டது நிறைய. அளந்து பார்க்காமல் கை வைத்ததில் கெட்டது அதைவிட நிறைய.

பின்னணி

வண்டி 1979ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின், 180 குதிரைத்திறன். ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்யப்பட்டது. இதில் பெட்ரோலைத் தெளிப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற அமைப்பு. அந்த கே, தொடர்ச்சியானது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. இன்ஜின் ஓடும் வரை ஆறு இன்ஜெக்டர்களும் விடாமல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். திறந்து மூடும் மின் கட்டளை ஏதும் கிடையாது, கணினியும் கிடையாது.

வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தள்ளும். தட்டோடு இணைந்த நெம்புகோல், பெட்ரோலை ஆறு இன்ஜெக்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு உலோகத் தண்டை மேலே தூக்கும். தண்டு உயர உயர, அதைச் சுற்றியுள்ள ஆறு கீற்றுகள் திறந்துகொள்ளும். அந்தக் கீற்றின் அகலம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். எவ்வளவு காற்றோ அதற்கேற்ற பெட்ரோல், அவ்வளவே. தண்டின் தலைமேல் பெட்ரோலே ஓர் அழுத்தம் கொடுத்துக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். இதைக் கட்டுப்பாட்டு அழுத்தம் என்கிறோம். குளிரில் அது குறைவாக இருக்கும். தண்டு லேசாக எழும்பி, பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடானதும் அழுத்தம் ஏறி, பெட்ரோல் அளவாகும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொள்வது வார்ம்-அப் ரெகுலேட்டர் என்ற சிறு பெட்டி. அதற்குள் சூடானால் வளையும் ஓர் இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் நோயில் படுத்ததும் வண்டி கொட்டகைக்குள் போனது. அவர் இறந்து, சொத்து விவகாரமெல்லாம் தீர்ந்து வெளியே எடுக்கும்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் அப்படியே இருந்திருக்கிறது. இந்த மாதிரியின் டேங்க் 80 லிட்டர் பிடிக்கும். அதாவது நாற்பது லிட்டருக்குக் குறையாத பழைய பெட்ரோல்.

முதலில் வேறொரு பட்டறைக்கு எடுத்துப்போனார். அங்கே புது பேட்டரி மாட்டி, பழைய பெட்ரோலின் மேலேயே புது பெட்ரோல் ஊற்றி ஓடவைத்துவிட்டார்கள். வண்டி ஓடியது, ஆனால் சரியாக ஓடவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் திக்கித் திணறி, நடுவே வெடிச்சத்தம் போடும். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, காசு கட்டிவிட்டு வந்து சாவி திருப்பினால் அரை நிமிடம் சுற்றினாலும் பிடிக்காது. நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் குடிக்கும். வார்ம்-அப் ரெகுலேட்டரை மாற்றினார்கள், பயனில்லை. காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகை இரண்டு மூன்று தடவை திருப்பினார்கள். கடைசியில் சொன்ன யோசனை: "இந்த இன்ஜெக்‌ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு கார்பரேட்டர் மாட்டிவிடலாம். இது எப்போதும் இப்படித்தான்."

அந்த அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் அண்ணன் முப்பது வருடம் இதை ஓட்டினார். ஒரு நாளும் வழியில் நின்றதாகச் சொன்னதில்லை. உண்மையிலேயே இது எப்போதும் இப்படித்தானா?"

முதல் நாள்

ஜெர்மனியில் பட்டறையின் தலைமைக் கைவினைஞரை மைஸ்டர் என்பார்கள். எங்கள் மைஸ்டருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கே-ஜெட்ரானிக் புதிதாக விற்ற காலத்தில் வேலை பழகியவர். அந்த அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், காபி கொடுத்து உட்காரவைத்துக் கொஞ்சம் பழைய கதை சொன்னார். அதை இங்கே எழுதக் காரணம் உண்டு. இந்த அவப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கதையில்தான் இருக்கிறது.

1954இல் வந்த மெர்சிடஸ் 300 எஸ்எல் காரில், பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கப்பட்டது. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சுற்றி நிற்கும் வரை பம்ப் தெளித்துக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயில் கலக்கும். எண்ணெயை அடிக்கடி மாற்றாதவர்களின் இன்ஜின் தேய்ந்துபோனது. 1971இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டிஐஐ குகல்ஃபிஷர் பம்ப்போடு வந்தது. அருமையான கருவி, ஆனால் அதன் இணைப்புக் கம்பிகளைச் சரியாக ஒத்திசைக்கத் தெரிந்த கை வேண்டும். 911இன் பழைய இயந்திர இன்ஜெக்‌ஷனும் அதே ரகம். இவற்றையெல்லாம் முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, கருவி மேல் பழி ஏறியது.

1973இல் வந்த கே-ஜெட்ரானிக் இதற்கெல்லாம் மாற்றாக வந்ததுதான். இன்ஜினால் சுழற்றப்படும் நுட்பமான பம்ப் இதில் இல்லை. 1976 கோல்ஃப் ஜிடிஐ, 450 எஸ்இஎல் 6.9, 911 டர்போ, ஆடி குவாட்ரோ என்று பல கார்களில் இதுதான். தினமும் வேலைக்குப் போய்வந்த ஜிடிஐகள் இதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சலிக்காமல் ஓடின.

"எப்போதும் இப்படி இல்லை. ஆனால் இதற்கு இரண்டு விஷயம் ஆகாது. அழுக்கும் ஆகாது, நின்று கிடப்பதும் ஆகாது" என்றார் மைஸ்டர். அன்று எடுத்த முதல் முடிவு, கார்பரேட்டர் பேச்சை ஒதுக்கிவைப்பது. அந்தக் கருவி மேல் உள்ள அபிமானம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. முப்பது வயது தாண்டிய வண்டிக்குக் கிடைக்கும் ஹெச் எண்பலகைக்கு அதன் அசல் நிலையையும் பார்ப்பார்கள். கார்பரேட்டருக்கு மாற்றினால் அந்த இடத்தில் கேள்வி வரும். அதைவிடப் பெரிய காரணம், டேங்கில் துருவும் பழைய பெட்ரோலும் இருந்தால் கார்பரேட்டரும் அடைத்துக்கொள்ளும் என்பது. பழுது எதுவென்று தெரியாமல் கருவியை மாற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் ஆஸ்பத்திரியை மாற்றுவது மாதிரி.

இரண்டாவது முடிவு, கலவைத் திருகை எல்லாம் முடியும் வரை யாரும் தொடக் கூடாது என்பது. அதன் துளையை மைஸ்டர் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் போட்டு மூடிவிட்டார். மூன்று வாரம் அந்த மஞ்சள் தாள் அங்கேயே இருந்தது.

கண்டது, அளந்தது

முதலில் இன்ஜினின் அடிப்படைகள். ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவு. இக்னிஷன் டைமிங் சரி, தீப்பொறி நன்றாக இருந்தது. இதை முதலில் பார்க்கக் காரணம், இக்னிஷன் கோளாறு பல சமயம் இன்ஜெக்‌ஷன் கோளாறு மாதிரியே வேஷம் போடும். ஸ்பார்க் பிளக் ஆறும் கரி பூசியிருந்தன. சூடான இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, புகையில் கார்பன் மோனாக்சைடு ஆறரை சதவீதம். பெட்ரோல் மிக அதிகம்.

இங்கேதான் முதல் புதிர். பெட்ரோல் இவ்வளவு அதிகமாகப் போகும் வண்டி, குளிரில் பெட்ரோல் போதாத வண்டி மாதிரி ஏன் திணறுகிறது? காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் கேட்கும் வெடிச்சத்தம் பெட்ரோல் குறைந்த கலவையின் அடையாளம். அப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை வால்வு திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சம் இருந்தால், அது பின்னோக்கிப் போய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் ஏர்பாக்ஸ் என்ற பெட்டியில் கிடக்கும் கலவையைப் பற்றவைக்கும்.

911 மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சின்ன சோதனை உண்டு. ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறப்பார்கள். இன்ஜினின் அடிப்பகுதி இன்டேக்கோடு குழாய் வழியாக இணைந்திருப்பதால், திறந்ததும் அளக்கப்படாத காற்று உள்ளே போய் இன்ஜின் தடுமாற வேண்டும். இந்த வண்டியில் திறந்ததும் ஓட்டம் கொஞ்சம் சீரானது. நான் உடனே "எங்கேயோ காற்றுக் கசிவு இருக்கிறது" என்றேன். மைஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் மிதமிஞ்சிப் போகும் இன்ஜினுக்கும் கூடுதல் காற்று இதமாகத்தான் இருக்கும். கசிவா, திருகைத் திருப்பியதா, இரண்டுமா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. சரி, அளந்து பார்ப்போம் என்று அழுத்தக் கேஜை எடுத்தோம்.

மறுநாள் காலை, இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது, ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே கேஜை மாட்டினோம். பட்டறைக்குள் 12 டிகிரி. தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெகுலேட்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டோம். கேஜின் வால்வை மூடினால் மொத்த அமைப்பின் அழுத்தம் தெரியும். அது 4.7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இருக்க வேண்டிய 4.5 முதல் 5.2க்குள் நன்றாகவே இருந்தது. வால்வைத் திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம். அந்தக் குளிருக்கு ஒன்றரை பார் பக்கம் நிற்க வேண்டிய முள், 2.9க்குப் போய் நின்றது.

அந்த முள் நின்ற இடத்தை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். கதை முழுதும் அந்த ஒரு முள்ளில் இருந்தது. குளிரில் தண்டின் தலைமேல் இரு மடங்கு அழுத்தம், அதனால் தண்டு எழும்பவில்லை, அதனால் பெட்ரோல் போதவில்லை. குளிரில் திணறியதைச் சரிசெய்ய யாரோ திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். குளிரில் ஒருவழியாக ஓடியது, சூடானதும் மிதமிஞ்சிப் போனது. ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை.

புதிதாக மாற்றிய ரெகுலேட்டர் ஏன் இப்படிக் காட்டுகிறது? அதன் நுழைவாயில் இணைப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு நுண்ணிய வலை இருக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். செம்பழுப்பு நிறச் சேறு வலையை முக்கால்வாசி மூடியிருந்தது. பெட்ரோல் இந்த ரெகுலேட்டர் வழியாகத் தப்பித்துப் போனால்தான் அழுத்தம் குறையும். வழி அடைத்தால் அழுத்தம் ஏறும். பாகம் புதிது, ஆனால் அதற்குள் போன பெட்ரோல் பழைய டேங்கினுடையது.

அடுத்து, பம்பை நிறுத்திவிட்டு முள் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தோம். இருபது நிமிடம் கழித்தும் ஒரு பாருக்கு மேல் நிற்க வேண்டும். நான்கே நிமிடத்தில் பூஜ்ஜியம். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததன் காரணம் இது. நிறுத்திய இன்ஜினின் வெப்பத்தில், அழுத்தம் இல்லாத குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜெக்டருக்கு வருவது ஆவிதான்.

எங்கள் பக்கத்துத் தவறு

நின்ற அழுத்தம் இறங்கினால் முதல் சந்தேகம் அக்யூமுலேட்டர் மேல்தான் போகும். சுருள்வில்லும் ஒரு சவ்வும் வைத்து, பம்ப் நின்ற பிறகும் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் டப்பா அது. "இது எப்போதும் அக்யூமுலேட்டர்தான்" என்று நான் சொன்னேன், புதியதை வரவழைத்து மாட்டினேன். மறுபடி அளந்தோம். ஐந்து நிமிடத்தில் பூஜ்ஜியம்.

முந்தைய பட்டறை செய்த அதே தவறை நானும் செய்திருந்தேன். அக்யூமுலேட்டரின் பின்பக்கச் சிறு குழாயைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். சவ்வு கிழிந்திருந்தால் அங்கே பெட்ரோல் ஒழுகும். கழற்றிய பழையதை அப்புறம் பார்த்தேன், உலர்ந்து கிடந்தது. இரண்டு நிமிட வேலையை விட்டுவிட்டு, நல்ல பாகம் ஒன்றைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அந்தப் பாகத்தின் விலையையும் கூலியையும் பட்டறை ஏற்றுக்கொண்டது. மைஸ்டர் கோபப்படவில்லை. வேலைத்தாளில் என் கையாலேயே அதை எழுதச் சொன்னார்.

பிறகு வரிசையாகப் போனோம். திரும்பிப் போகும் குழாயை அடைத்தும் அழுத்தம் இறங்கியது, ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள அழுத்த ரெகுலேட்டரின் ரப்பர் வளையம் காரணம் இல்லை. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் குளிர் ஸ்டார்ட் வால்வின் முனை உலர்ந்திருந்தது. இன்ஜெக்டர் முனைகளும் ஒழுகவில்லை. மிஞ்சியது, முன்பக்கம் இருக்கும் பம்பின் வெளிவாயிலில் பெட்ரோல் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் சிறு வால்வு. அதைக் கழற்றியபோது, அதன் இருக்கையில் மணல் மாதிரி ஒரு துருத் துணுக்கு உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம்.

டேங்கும் தண்டும்

இதற்கு மேல் சந்தேகம் இல்லை. டேங்கைக் கழற்றினோம். அடியில் தண்ணீரும் துருவும். 2011இல் பத்து சதவீத எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. இந்த டேங்கில் எந்த வகை இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் அது பெட்ரோலோடு எரிந்து போய்விடும். ஏழு வருடம் நிற்கும் வண்டியில் அடியில் தங்கித் தகரத்தைத் தின்னும். பில்டரை அறுத்துத் திறந்தோம். உள்ளே காகித மடிப்புகள் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தன.

இன்ஜெக்டர் ஆறையும் கழற்றி ஆறு கண்ணாடிக் குவளைகளில் விட்டு, காற்றுத் தட்டை விரலால் மெல்ல நகர்த்திப் பார்த்தோம். இதை இன்ஜெக்டர் கழற்றாமல் செய்யக் கூடாது, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் ஓடிவிடும். நான்கு இன்ஜெக்டர் பூவாகத் தெளித்தன, நல்ல இன்ஜெக்டருக்கே உரிய மெல்லிய கிறீச்சிடும் சத்தத்தோடு. இரண்டு வெறும் கம்பியாக ஊற்றின. குவளைகளில் சேர்ந்த அளவும் ஒத்துப்போகவில்லை. தட்டை நகர்த்தும்போது பாதி வழியில் விரலுக்கு ஒரு தயக்கம் தட்டுப்பட்டது. மைஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை நகர்த்திப் பார்த்தார். "தண்டு ஒட்டுகிறது" என்றார்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் தண்டை மட்டும் மெதுவாக வெளியே எடுத்தோம். சுண்டுவிரலைவிடச் சிறியது. கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய உலோகத்தின் மேல், தேன் நிறத்தில் ஒரு வளையம். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகிப் படிந்தது அது. இந்தத் தண்டும் அது ஓடும் உருளையும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்று கெட்டால் இன்னொன்றோடு சேராது. கீழே போட்டாலோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலோ அதோடு முடிந்தது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தண்டை நாங்களே கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டலாம், பல பட்டறைகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் குவளைகளில் அளவு ஒத்துப்போகாதது, உள்ளே இருக்கும் அழுத்த வேறுபாட்டு வால்வுகளிலும் படிவு இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒவ்வொரு கீற்றின் இரு பக்கமும் 0.1 பார் வேறுபாட்டை மட்டும் விடாமல் காத்துவருவது அந்த வால்வுகள்தான். சோதனை மேசை இல்லாமல் அதைத் திறந்து மூடுவது எங்கள் வேலை இல்லை என்று மைஸ்டர் சொல்லிவிட்டார். அதற்கென்றே இயங்கும் ஒரு சிறிய பட்டறைக்கு அனுப்பினோம். மூன்று வாரத் தாமதம் அதனால்தான்.

ஏர்பாக்ஸ்

காத்திருந்த நாட்களில் இன்டேக்குக்குள் மெல்லிய புகை செலுத்திப் பார்த்தோம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால், ஏர்பாக்ஸின் இரு பாதிகள் ஒட்டிய மூட்டிலிருந்து ஒரு நூல் மாதிரி புகை எழுந்தது. நீளம் நான்கு சென்டிமீட்டர் இருக்கும். இந்தக் கார்களின் ஏர்பாக்ஸ் பிளாஸ்டிக்கில் ஆனது. உள்ளே கலவை பற்றி வெடித்தால் இந்த மூட்டுதான் முதலில் விடும். தட்டைத் தாண்டிய பிறகு உள்ளே நுழையும் இந்தக் காற்று அளக்கப்படாத காற்று. எண்ணெய் மூடிச் சோதனையில் நான் சொன்னதும் உண்மை, மைஸ்டர் தயங்கியதும் சரி. கசிவும் இருந்தது, திருகும் தவறாக இருந்தது.

விரிசலைப் பசை போட்டு அடைக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். முடியும். ஆனால் நாற்பது வயதான பிளாஸ்டிக்கின் மிச்ச மூட்டும் அதே வயதுதான். இன்னொரு தடவை விட்டால் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டும். புதிய ஏர்பாக்ஸ், இறுகிப்போன ரப்பர் இணைப்புகள் ஆறும் புதிது, கூடவே ஒரு பாப்-ஆஃப் வால்வு என்று முடிவானது. பாப்-ஆஃப் என்பது ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. உள்ளே வெடித்தால் அது திறந்து அழுத்தத்தை வெளியே விட்டு, உடனே மூடிக்கொள்ளும். ஏர்பாக்ஸில் வட்டமாக ஓட்டை போட்டுப் பசையில் ஒட்ட வேண்டும். பிசிறு உள்ளே விழாமல், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஓர் இரவு முழுதும் காயவிட்டு ஒட்டினோம். அவசரமாக ஒட்டியது நாளைக்கு அதுவே கசியும். ஆனால் இந்த வால்வு காப்பது ஏர்பாக்ஸை மட்டும்தான், வெடிப்பின் காரணத்தை அது தீர்க்காது. வால்வு இருக்கிறதே என்று கட்டுப்பாட்டு அழுத்தத்தை அளக்காமல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

பொருத்திய வரிசை

டேங்கைத் துரு நீக்கி, உள்பூச்சு கொடுத்தோம். பம்பின் தடுப்பு வால்வு, பில்டர், எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்கள், இரண்டு புது இன்ஜெக்டர்கள் போட்டோம். உலோகக் குழாய்கள் முழுதையும் புது பெட்ரோலால் அலசி வடித்தோம். அதற்குப் பிறகுதான், சுத்தமாகி வந்த டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினோம். இந்த வரிசை மாறியிருந்தால் டேங்கின் துரு நேராக அதற்குள் போயிருக்கும்.

பிறகு மீண்டும் கேஜ். மொத்த அழுத்தம் 4.8. பட்டறையில் 9 டிகிரி குளிரில் கட்டுப்பாட்டு அழுத்தம் 1.4. மின் இணைப்பைக் கொடுத்ததும் முள் மெல்ல மெல்ல ஏறிச் சில நிமிடத்தில் 3.6இல் நின்றது. இருபது நிமிடம் கழித்து நின்ற அழுத்தம் 1.7. காற்றுத் தட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, உரசாமல் நகர்கிறதா என்று பார்த்தோம். இக்னிஷன் டைமிங்கை மறுபடி சரிபார்த்தோம். ஐடில் வேகத்தை வைத்தோம்.

கடைசியாக மஞ்சள் தாளை உரித்தார் மைஸ்டர். மூன்று மில்லிமீட்டர் ஆலன் சாவியை உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் சாவியை வெளியே எடுத்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மீட்டர் நிலைக்கும் வரை காத்திருந்தார். சாவியை உள்ளே வைத்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நெம்புகோலில் மாட்டிக்கொண்டு வளைத்துவிடும். இந்தத் திருகில் சாதாரணமாக எட்டில் ஒரு சுற்றே பெரிய மாற்றம். இங்கே முக்கால் சுற்று திருப்ப வேண்டியிருந்தது. கார்பன் மோனாக்சைடு ஒன்றரை சதவீதத்தில் நின்றது.

அதற்குப் பின்

முதல் குளிர் ஸ்டார்ட் மூன்று டிகிரி குளிரில். ஒரு நொடியில் பிடித்து, கொஞ்ச நேரம் உயர்ந்த ஐடிலில் ஓடி, தானாகவே இறங்கியது. வெடிச்சத்தம் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, கால் மணி நேரம் நிறுத்தி, மறுபடி சாவி திருப்பினேன். உடனே பிடித்தது.

800 கிலோமீட்டர் ஓடியதும் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஐடில் ஏறி இறங்குகிறது என்றார், குரலில் பயம் தெரிந்தது. புது ரப்பர் இணைப்புகள் சூட்டில் அமுங்கி, இரண்டு கிளாம்புகள் தளர்ந்திருந்தன. இறுக்கியதும் சரியானது. புது ரப்பர் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் வரவழைத்து ஒரு முறை இறுக்க வேண்டும் என்று நாங்களே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வருடத்தில் 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் பக்கம். இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் கட்டாயச் சோதனையில் தேறியது. ஆண்டு முடிவில் அழுத்தங்களை மறுபடி அளந்தோம், எதுவும் நகரவில்லை. எங்கள் மொத்தப் பில், கார்பரேட்டர் மாற்றத்துக்கு அவரிடம் கேட்ட தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதில் பெரும்பகுதி டேங்கும், ஏர்பாக்ஸுக்காக இன்ஜினை இறக்கிய கூலியும்தான். இன்ஜெக்‌ஷன் பாகங்களுக்கு ஆனது அதற்கும் குறைவு.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

நீண்ட நாள் நின்ற வண்டி வந்தால் இப்போது சாவியையே திருப்புவதில்லை. டேங்கை வடித்து, உள்ளே சிறு கேமரா விட்டுப் பார்த்து, பில்டரை அறுத்துப் பார்க்கிறோம். இந்த வண்டியில் முதல் பட்டறை பம்பை ஓடவிட்ட அந்த நிமிடம்தான் துரு எல்லா இடத்துக்கும் பயணம் செய்தது. அதற்கு முன்னால் டேங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

கே-ஜெட்ரானிக் வண்டி எதுவானாலும், மூன்று அழுத்த எண்ணும் வேலைத்தாளின் முதல் வரியில் எழுதப்படாமல் எந்தப் பாகத்தையும் வரவழைப்பதில்லை. நின்ற அழுத்தம் இறங்கினால் அக்யூமுலேட்டரின் பின்குழாயைக் கழற்றிப் பார்ப்பது தனி வரியாக அச்சடித்த படிவத்திலேயே சேர்ந்துவிட்டது. அதை எழுதிச் சேர்த்தது நான்தான்.

உரிமையாளருக்குச் சொன்னவை மூன்று. குளிர்காலத்தில் நிறுத்தும்போது ஐந்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் இல்லாத சூப்பர் பிளஸ் பெட்ரோலால் டேங்கை முழுதாக நிரப்புங்கள், காலி இடம் இருந்தால்தான் ஈரம் சேரும். மாதம் ஒரு முறையாவது நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள், கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது போதாது. அப்புறம், திருகைத் தொட யாரையும் விடாதீர்கள்.

போன மாதம் எண்ணெய் மாற்ற வந்தபோது இன்ஜின் மூடியைத் திறந்தோம். திருகின் துளை மேல் அவரே ஒரு புது மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். அதில் ஆசிரியையின் அழகான கையெழுத்தில், நாங்கள் கடைசியாக அளந்த மூன்று எண்களும் தேதியும் இருந்தன.